குணமும் குறையும்

நல்ல கவிஞன், மோசமான மனிதன் என்று ஒருவனைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது: அந்தக் குரூரம் இல்லையென்றால் இந்தக் கவிதையும் இல்லை. குணமும் குறையும் ஒரே வேரில் முளைத்தவை; ஒன்றை வெட்டினால் மற்றதும் பட்டுப்போகும். இது விதியா, சௌகரியமா?

உலோகங்கள் விதி என்ற கட்சியில் நிற்கின்றன. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் செம்பு உஷ்ணத்தையும் நன்றாகக் கடத்துகிறது. ஒரே வெப்பநிலையில் இவ்விரண்டின் விகிதம் உலோகங்களில் ஏறக்குறைய ஒன்றே என்று 1853இல் வீடெமனும் ஃப்ரான்ஸும் கண்டார்கள். இரண்டையும் சுமப்பவை அதே எலெக்ட்ரான்கள் என்பது காரணம். உஷ்ண வித்தியாசத்திலிருந்து மின்சாரம் எடுக்க முனைபவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். 1821இல் ஸீபெக் இரு உலோகங்களை வளையமாக இணைத்து ஒரு இணைப்பைச் சூடாக்கினார். அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. வழி திறந்துவிட்டது, ஆனால் மின்சாரம் ஓடும் பாதையிலேயே உஷ்ணமும் ஓடி வீணாகிறது, மின்சாரத்துக்கு ஆதாரமான வித்தியாசம் கரைகிறது.

பிறகு குறைகடத்திகள் வந்தன. பிஸ்மத் டெலுரைட் போன்றவற்றில் உஷ்ணத்தின் கணிசமான பகுதியைச் சுமப்பது எலெக்ட்ரான்கள் அல்ல, அணுக்கோப்பின் அதிர்வு. அதிர்வைத் தனியே தடுக்க முடியும். எலெக்ட்ரானுக்குப் படிகமாகவும் உஷ்ணத்துக்குக் கண்ணாடியாகவும் இருக்கும் பொருள் வேண்டும் என்று 1995இல் க்ளென் ஸ்லாக் எழுதினார். ஸ்கட்டரூடைட் வகைப் பொருள்களில் அணுக்களுக்கிடையே கூடு போன்ற வெற்றிடங்கள் உண்டு. அதில் ஒரு அந்நிய அணுவை இட்டால் அது தளர்ந்து ஆடுகிறது. உஷ்ணம் தடுமாறுகிறது, எலெக்ட்ரான்களுக்கு அவ்வளவு தடையில்லை.

இதனால் பழைய விதி பொய்த்துவிடவில்லை. எலெக்ட்ரான்களே சுமக்கும் உஷ்ணம் இருக்கத்தான் செய்கிறது. மின்சாரம் வேண்டுமென்றால் அதைப் பொறுத்தாக வேண்டும். மற்ற உஷ்ணம் கூடவே இருந்தது, அவ்வளவுதான்.

மனிதனுக்கு அணுக்கோப்பு கிடையாது. உவமை நிரூபணமும் ஆகாது. ஆனால் கேள்வியின் உருவத்தை அது மாற்றுகிறது. ஒருவனுடைய குறையில் எது குணத்துக்குக் கொடுத்த விலை, எது வெறும் உடனிருப்பு? சொல்லிடம் ஈவிரக்கமற்று இருப்பது கவிஞன் கொடுக்கும் விலையாக இருக்கலாம். வீட்டிலிருப்பவளிடம் அப்படி இருப்பது எந்த வரிக்கும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. சமாதானம் சொல்பவர்கள் இந்தப் பிரித்தலுக்குள் போவதில்லை. போனால் கவிதையை ஏற்றுக்கொண்டு மற்றதைக் கண்டிக்க வேண்டிவரும். அது விமர்சனத்துக்குச் சிரமமில்லை, நட்புக்குத்தான் சிரமம்.