மறைந்து வெளிப்படும் இழை



விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒருவரைத் தம் ஆவியால் நிரப்புகிறார். பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்த பெசலேல் என்ற கைவினைஞர் அவர். நாவில் இறங்கும் அதே ஆவி விரல்களிலும் இறங்குகிறார்.

அப்படி விரல்களுக்கு வேலை தரும், பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்கள் உங்களில் சிலர் வீட்டில் இருக்கும். அவற்றில் கெல்டிக் முடிச்சுப் பின்னல் வடிவங்கள் கொண்டவை உண்டு. நோயாளியின் கட்டிலருகே இரவு விழித்திருப்பவர்களும், தனிமையில் வாழும் முதியவர்களும் அவற்றை நாடுகிறார்கள். குழந்தைகளின் வேலை இது என்று கூச்சப்பட்டு மறைத்து வைக்காதீர்கள். அந்தப் பின்னல்களில் மிகச் சிறந்தவை, கையால் எழுதப்பட்ட பழைய நற்செய்தி நூல்களுக்குள்தான் இருக்கின்றன.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உள்ள கெல்ஸ் நற்செய்தி நூல் ஏறத்தாழ 800ஆம் ஆண்டில் கன்றுத்தோலில் எழுதப்பட்டது. புனித கொலும்பா 563இல் நிறுவிய அயோனா தீவு மடத்தில் அந்தப் பணி தொடங்கியது என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்த மடம் அமைதியான இடமாக இருக்கவில்லை. வைக்கிங் கொள்ளையர் மீண்டும் மீண்டும் வந்தார்கள். 806இல் மட்டும் 68 பேரைக் கொன்றார்கள். எஞ்சிய துறவிகள் அயர்லாந்தின் கெல்ஸில் புது மடம் எழுப்பினார்கள். நாளை உயிரோடிருப்போமா என்று தெரியாத அந்தக் காலத்தில், இமை முடி அளவு மெல்லிய கோடுகளைப் பொறுமையாக இழுத்த கைகளை எண்ணிப் பாருங்கள்!

அந்நூலில் ஒரு பக்கத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மத்தேயு, இயேசுவின் மூதாதையர் பட்டியலை முடித்து, முதல் அதிகாரம் 18ஆம் வசனத்தில் அவருடைய பிறப்பைச் சொல்லத் தொடங்குகிறார். அங்கே 'கிறிஸ்து' என்ற பெயர் வந்ததும் எழுதியவரின் கை மேலே செல்ல மறுத்துவிட்டது போலும். அந்தப் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் ஏறக்குறைய முழுப் பக்கத்தையும் நிறைக்கின்றன. அவற்றின் உள்ளும் புறமும் சுருள்களும் பின்னல்களும். கீழ்ப்பகுதியில் பூனைகளும் எலிகளும், வாயில் மீனோடு ஒரு நீர்நாயும். மனுவுருவான ஆண்டவரின் பெயருக்குள் எலிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இதைவிட நல்ல கிறிஸ்துமஸ் மறையுரை எனக்குத் தெரியாது.

இந்த முடிச்சு மூவொரு கடவுளைக் குறிக்கிறது, அந்த முடிச்சு நித்தியத்தைக் குறிக்கிறது என்று இன்று பலர் விளக்கம் சொல்கிறார்கள். அந்தத் துறவிகள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. முடிச்சுக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை. இறைவார்த்தையைச் சுற்றி நின்றதே அதன் பெருமை.

வண்ணம் தீட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஓர் இழை இன்னொன்றின் மேலே போகிறது, அடுத்ததன் கீழே மறைகிறது, மறுபடி மேலே வருகிறது. அது எங்கே வெளிப்படுகிறது என்று கண் காத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டால் வேறோர் இழையில் நிறம் ஏறிவிடும். செபத்தில் மனம் அலைபாய்கிறது என்று வருந்துகிறவர்களே, கண்ணையும் கையையும் இப்படி ஓரிடத்தில் நிறுத்துவது உங்களுக்கு உதவும். கடவுளின் செயல் நம் வாழ்வில் மறைந்துபோன நாள்களில் நாம் காத்திருப்பதும் இத்தகையதே.

பக்கத்தை முடிக்க முடியவில்லையே என்றும் கலங்க வேண்டாம். கெல்ஸ் நூலிலேயே சில இடங்கள் கோட்டோடு நின்றுவிட்டன, நிறம் ஏறவில்லை. அதுபோன்ற இன்னொரு பழைய நூலான லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூலை எழுதியவராகக் கருதப்படும் ஆயர் ஈட்ஃப்ரித் 721இல் இறந்தார். அந்நூலிலும் சில பகுதிகள் முற்றுப்பெறவில்லை. திருச்சபை அவற்றை அப்படியே ஏற்றுக் காத்தது.

இந்த வாரம் வண்ணப் பென்சிலை எடுக்குமுன் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை வாசியுங்கள். ஒரு வசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஓர் இழையை மட்டும் தீட்டுங்கள். நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவர்கள் பழத்தோடு ஒரு புத்தகத்தையும் பென்சில் பெட்டியையும் கொண்டுபோங்கள். கை நடுங்குகிறவர் என்றால், அவர் நிறத்தைச் சொல்லட்டும். நீங்கள் அருகில் உட்கார்ந்து தீட்டுங்கள்.