அவகாசத்தின் விலை

நீதியான இலட்சியமொன்றின் பொருட்டு எத்தனை உயிர்களைச் செலவிடலாம் என்பது பழைய வினா. யாருடைய உயிர்களை என்ற வினாவோ அத்துணை எளிதில் எழுப்பப்படுவதில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் போக்கைத் தீர்மானித்த எப்ரோ ஆற்றுச் சமருக்கு 1938இல் நடைபெற்ற ஆயத்தங்களை நோக்குவோர் இவ்விரண்டாம் வினாவிலிருந்து தப்ப முடியாது.

அவ்வாண்டு ஏப்ரல் 15ஆந் திகதி பிராங்கோவின் படைகள் மத்தியதரைக் கடலை எட்டின. குடியரசு இரு துண்டாயிற்று. பிரதமர் நெக்ரின் பணிய மறுத்தார். ஹிட்லரின் பேராசை விரைவிலேயே ஐரோப்பாவைப் போருக்குள் இழுக்கும்; அதுவரை தாக்குப்பிடித்தால் பிரித்தானியாவும் பிரான்சும் குடியரசின் பக்கம் நிற்க நேரும் என்பது அவர் கணக்கு. வேண்டியிருந்தது அவகாசம்.

அதனைப் பெற்றுத்தரவே எப்ரோவின் இடக்கரையில் ஏறத்தாழ 80,000 பேர் கொண்ட படை திரட்டப்பட்டது. மார்ச்சில் திறந்த பிரெஞ்சு எல்லை யூனில் மீண்டும் மூடப்படுமுன் வந்து சேர்ந்த ஆயுதங்களே அதன் பெருமூலதனம். தளபதி றோஹோ திட்டம் வகுத்தார். தொழிலாளியாயிருந்து தளபதியாகிய மொடெஸ்ரோ படையை நடத்தினார். மீனவர் படகுகள் கரைக்குக் கொணரப்பட்டன. நீந்தத் தெரியாதோரும் படகு வலிக்கப் பழகினர். ஆளணி போதாமையால், 1941இல் சேவைக்கு அழைக்கப்படவேண்டிய பதினேழு, பதினெட்டு வயதினர் மூன்றாண்டு முன்னதாகவே அழைக்கப்பட்டனர். அவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். 'சூப்பிப் போத்தல் அணி' என்று மக்கள் அவர்களுக்குப் பெயரிட்டனர். அப்பெயரில் பரிகாசத்திலும் பார்க்கத் துயரமே மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வயதினரின் வரவுப் பதிவேட்டை நாள்தோறும் வாசிப்பவனுக்கு 30,000 என்பது வெறும் தொகையாகப் படுவதில்லை.

நெக்ரினைக் குறைகூறுதல் இலகு. ஆயின், நிபந்தனையற்ற சரணாகதி தவிர வேறெதையும் பிராங்கோ ஏற்கவில்லை. அவர் பிடித்த ஊர்களில் சுட்டுக்கொல்லப்பட்டோரின் கதையும் யாவரும் அறிந்ததே. 'தலையிடாமை' என்ற போர்வையில் குடியரசின் கழுத்தை நெரித்தவர்களின் பழியையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இவையனைத்தையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சுகிறது. தொண்டனாக வந்தவன் தன் உயிரைத் தானே கொடுக்கிறான். கட்டாயத்தால் வந்த சிறுவனின் உயிரையோ வேறொருவர் கொடுக்கிறார். அவ்வாறு கொடுப்பவர், தம் நம்பிக்கைக்கு ஆதாரம் இன்றும் உள்ளதா என நாள்தோறும் கணக்குப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

யூலை 25ஆந் திகதி நள்ளிரவு கடந்து படகுகள் ஆற்றைத் தாண்டியபோது அத்தகைய ஆதாரம் இருந்தது என்றே கருதுகிறேன். கந்தேசா நகரைப் பிடிக்க முடியாமற்போன பின்னரும் அது முற்றாக அற்றுப்போகவில்லை. செப்டெம்பர் 30ஆந் திகதி மியூனிக்கில் பிரித்தானியாவும் பிரான்சும் ஹிட்லருக்குச் செக்கோசிலவாக்கியாவின் ஒரு பகுதியைத் தாரைவார்த்தபோது அது இல்லாமற் போயிற்று. எனினும் நவம்பர் 16 வரை சமர் நீடித்தது. பகைவரின் குண்டுமழையின் கீழ் ஆற்றைக் கடந்து பின்வாங்குதல் எளிதன்று என்பர். உண்மையே. ஆனால் அது ஆறு வார காலத்துக்குப் போதிய விடையாகாது.

சர்வதேசப் படையணித் தொண்டர்களை மீளப் பெறுவதாக நெக்ரின் செப்டெம்பர் 21ஆந் திகதி சர்வதேச சங்கத்தில் அறிவித்திருந்தார். ஒக்டோபர் 28ஆந் திகதி பார்சலோனா நகரம் அவர்களுக்கு மலர்தூவி விடைகொடுத்தது. விரும்பி வந்தோர் விடைபெற்றனர். இரு நாட்களின் பின் கவால்ஸ் மலைமுகட்டில் பிராங்கோவின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியபோதும், கட்டாயத்தால் அழைக்கப்பட்ட சிறுவர்கள் எப்ரோ முனையிலேயே நின்றனர்.