வீட்டு மாவின் விலை

ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ஒருமுறை நாம் கொடுத்த கட்டுரைத் தலைப்பு "கடைப் பொதியும் வீட்டுப் பண்டமும்" என்பது. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதி அது. பிஸ்கற் பொதியோடு வந்துகொண்டிருந்த இணுவிற் பிள்ளைகள் அவித்த மரவள்ளிக் கிழங்கோடும் குரக்கன் ரொட்டியோடும் பள்ளிக்கு வரத் தொடங்கியிருந்தனர். ஏறத்தாழ எல்லோரும் எழுதியது ஒன்றே: வீட்டுப் பண்டம் மலிவானது, உடலுக்கு உகந்தது, முன்னோர் வழிவந்தது. ஒரு மாணவி மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தாள். முன்பெல்லாம் ஐந்தரை மணிக்கு எழும்பிய அம்மா இப்போது நாலு மணிக்கு எழும்புகிறார். மா வறுக்கும் நாட்களிற் பத்து மணிக்குப் பின்பே படுக்கிறார். ஆதலால் வீட்டுப் பண்டம் மலிவு என்று தன்னால் எழுத முடியாது என அவள் முடித்திருந்தாள். "தலைப்பை விட்டு விலகியுள்ளது" என்று சிவப்பு மையிற் குறிப்பெழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அக்குறிப்பு எத்துணைப் பிழையானது என்பதை நாம் உணர்வதற்குச் சில மாதங்கள் சென்றன.

அக்காலத்தின் நிலைமையை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஒக்டோபரிற் பால்மா, கோதுமை மா, சமையல் எரிவாயு முதலியவற்றுக்கு இருந்த கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டது. 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பால்மாப் பொதி அம்மாதமே 480 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. ஒரு டொலருக்கு 200 ரூபா என்றிருந்தது சில வாரங்களில் 360 ரூபாவளவிற்குச் சரிந்தது. ஏப்ரல் 12 ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்க இருநூறு ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள். சம்பளம் இரட்டித்தவரை நாம் கண்டதில்லை.

கடைக்குச் சென்றவர்கள் பொதியைக் கையிலெடுத்து, விலையைப் பார்த்து, மீண்டும் தட்டிலே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பால் தேநீர் வெறுந்தேநீராயிற்று. காலைப் பாணின் இடத்தை அரிசிமாப் பிட்டும் குரக்கன் பிட்டும் பிடித்தன. குழந்தைகளுக்கு வாங்கிய பெட்டித் தானிய உணவு போய், பயறும் உழுந்தும் சோளமும் வறுத்தரைத்த சத்துமா வந்தது. பின்தாழ்வாரத்திலே தூசு படிந்து கிடந்த திருகை துடைக்கப்பட்டது. மருதனார்மடம் சந்தையில் ஒடியல் கேட்டவர்களின் தொகை கூடிற்று.

இஃது எம் மண்ணுக்குப் புதிதன்று. 1953 இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. பிரதமர் பதவி விலகினார். 1970களில் இறக்குமதி தடைப்பட்டபோது பாணுக்கு வரிசையில் நின்றோரும் மரவள்ளியால் வயிறு நிரப்பினோரும் பலர். அதே தடையால் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் பொன்னாய் விளைந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஒருவர் கிழங்கு தின்ற காலத்தில் இன்னொருவர் கல்வீடு கட்டினார். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது திருகையையும் உரலையும் தூக்கிச் செல்ல எவராலும் முடியவில்லை. நாடு தடுக்கி விழுந்த ஒவ்வொரு தடவையும் அதனைத் தாங்கிப்பிடித்தது அடுப்படி. தாங்கிப்பிடித்த கைகள் எவருடையவை என்று எழுதிவைத்தவர் குறைவு.

மாறாக, எழுதப்பட்டவை பாராட்டுரைகள். "எம்மவர் மீண்டும் பாரம்பரிய உணவுக்குத் திரும்பிவிட்டனர்" என்று மேடைகளிற் பேசினார்கள், நாமுங்கூடப் பேசினோம். இங்கேதான் ஓர் அறவியல் வினா எழுகின்றது. விலையால் விரட்டப்பட்டவன் திரும்பி வந்தால் அதனை எளிமை என்று போற்றலாமா? எம்மூர்க் கந்தசுவாமி கோயிலடியிற் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்போர் உளர். அதே ஆறு நாளும் அடுப்பு மூட்ட வழியின்றி இருக்கும் குடும்பமும் இருக்கக்கூடும். இரண்டு வயிறும் வெறுமையே. ஆயின் விரதக்காரருக்குப் பாரணை நாள் முன்கூட்டியே தெரியும். மற்றவருக்கு அந்நாளை எந்தப் பஞ்சாங்கமும் குறித்துக் கொடுப்பதில்லை. தானே விரும்பி ஏற்ற எளிமைக்கு உரிய புகழை வறுமைக்கு வழங்குவோமாயின், வறுமைக்குக் காரணமானவர்கள் அப்புகழின் நிழலிலே ஒதுங்கிக்கொள்வார்கள்.

இவ்வாறு கூறுவதால் வீட்டுப் பண்டத்தை நாம் இழித்துரைப்பதாக எண்ணவேண்டாம். கோதுமை இம்மண்ணில் விளைவதன்று, கப்பலில் வந்தது. "அமெரிக்கன் மா" என்று எம் பாட்டிமார் இட்ட பெயரே அதன் பிறப்பைச் சொல்லும். 1980 இலிருந்து திருகோணமலையிற் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் ஆலை கோதுமையை அரைத்து வருகிறது. ஆலை இங்கே, தானியம் அயலிலே. சத்தைப் பொறுத்தவரையும் பழையவர்கள் ஏமாளிகள் அல்லர். 1890களிற் சாவகத்திலே ஐக்மன் என்ற ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியைத் தின்றவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் மூலத்தை ஆராயத் திறவுகோலாயிற்று அது. 1929 இல் நோபல் பரிசும் கிடைத்தது. குரக்கனிலுள்ள சுண்ணாம்புச் சத்து அரிசியில் இல்லை. பொதியிலடைத்த உணவின் விலையிலே தானியத்தின் விலையோடு தகரம், வர்ணத்தாள், விளம்பரம், இலாபம் ஆகிய அனைத்தும் கலந்துள்ளன. ஏழை நாடுகளிலே குழந்தைப் பால்மா விற்ற முறை குறித்து எழுந்த கிளர்ச்சியின் பயனாகவே 1981 இல் உலக சுகாதார நிறுவனம் அவ்விற்பனைக்கு நெறிக்கோவை வகுக்க நேர்ந்தது. ஆகவே பொதியைத் திருப்பி வைத்தவர்கள் பெரிதாக ஒன்றையும் இழந்துவிடவில்லை எனலாம், அதற்கீடாக வீட்டில் யார் எதைக் கொடுத்தார் என்று கேளாதவரை.

ஒடியல் மாவை எடுத்துக்கொள்வோம். பனம்விதையைப் பொறுக்கிப் பாத்தியிடவேண்டும். மூன்று மாதமளவிற் கிழங்கைக் கிண்டவேண்டும். தோலுரித்து, கிழித்து, வெயிலிற் பல நாள் காயவிடவேண்டும். காகத்தையும் மழையையும் பார்த்திருக்கவேண்டும். பின் இடித்து, அரித்து, கசப்பு நீங்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே நீற்றுப்பெட்டியிற் பிட்டாக அவிக்கலாம். இத்தனையும் முடித்துத் தட்டிலே வைக்கும்போது நாம் சொல்வது, "செலவேயில்லாத சாப்பாடு" என்பது. பயன்மதிப்பு உண்டு, சந்தையில் மாற்றுமதிப்பு இல்லை. ஆகவே உழைப்பே நிகழவில்லை! நாட்டின் வருமானக் கணக்கிலும் அது சேர்வதில்லை. பால்மாவில் 790 ரூபா மிச்சமென்று கணக்கெழுதிய கணவன், மனைவியின் ஒன்றரை மணி நேர உறக்கத்தை எந்தப் பத்தியில் எழுதினான்? எம் வீட்டிலும் நாம் திருகை சுற்றியதில்லை. இதனை மறைத்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதுவது முறையன்று.

இன்னொன்றும் உண்டு. வீட்டுப் பண்டம் எல்லோர்க்கும் மலிவானதன்று. வெங்காயத் தோட்டத்திற் களைபிடுங்கக் காலை ஆறு மணிக்குப் புறப்படும் பெண்ணுக்குச் சத்துமா வறுக்க நேரமில்லை; ஒடியலுக்குப் பனையில்லை; பனை நிற்கும் காணி அவளுடையதன்று. அது யாருடையது, எத்தனை தலைமுறையாக அவளுக்கு இல்லாமற் போனது என்ற கதை யாழ்ப்பாணத்திற் படித்தவர்க்குத் தெரியும். அவள் வாங்குவது கடையில் தொங்கும் மிகச் சிறிய பொதியை. நிறைக்கு நிறை பார்த்தால் பெரிய பொதியிலும் விலை கூடியது அதுவே. பாரம்பரியத்துக்குத் திரும்புங்கள் என்று அவளிடம் சொல்வதற்கு ஒருவருக்கு மிகுந்த துணிவு வேண்டும். இதற்கிடையில் அந்த ஒடியல் மா பளபளக்கும் பையில் அடைபட்டு, ரொறன்ரோவிலும் லண்டனிலும் எம்மவர் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறது.

2023 இற் பணவீக்கம் தணிந்தது என்றார்கள். தணிந்தது ஏற்றத்தின் வேகமே. ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றது. திருகையும் மீண்டும் தாழ்வாரத்துக்குப் போகவில்லை.

இச்சுமையை ஒரு வீட்டின் ஒரு பெண் மீது ஏற்றாமல் ஊர் ஏற்றுக்கொண்ட இடங்களும் உலகில் உள்ளன. 1970களின் இறுதியிலே பெரு நாட்டின் லீமா நகரச் சேரிகளிற் பெண்கள் ஒன்றுகூடிப் பொதுச் சமையற்கூடங்களை அமைத்தனர். பலர் சேர்ந்து வாங்கி, முறைவைத்துச் சமைத்தனர். தமிழ்நாட்டிற் காமராசர் 1956 இல் விரிவாக்கிய மதிய உணவைப் பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் உணவுப் பணவீக்கம் உச்சத்தைத் தொட்ட அதே 2022 செப்டெம்பரில், 15 ஆந் திகதி, மதுரையிற் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவுத் திட்டம் தொடங்கிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கிருந்தே அரிசியும் பால்மாவும் கப்பலேறி எமக்கு வந்தன. கூட்டுறவு வேரூன்றிய குடாநாட்டில், சங்கக்கடைகள் இருக்கும் ஊரில், பொதுவாக வறுத்துப் பொதுவாக அரைப்பது இயலாத காரியமன்று என்றே எண்ணினோம்.

எண்ணியதைச் சில பெற்றோரிடம் சொல்லியும் பார்த்தோம். பள்ளிக்கூட மரத்தடியிற் கூடியவர்களுள் பெரும்பாலோர் தாய்மார். சத்துமாவைக் கூடிச் செய்து, பொதி செய்து, அயலிலே விற்கலாம் என்று பேச்சு நடந்தது. தானியம், விறகு, மில் கூலி எல்லாம் கூட்டினோம். விலை கடைப்பொதியின் அரைவாசிதான் வந்தது. ஆண்களிற் சிலர் மகிழ்ந்தனர். அப்போது ஒரு தாய், "வறுக்கிற ஆளின்ரை கூலியைப் போடேல்லையே, சேர்" என்றார். தோட்டக் கூலியின்படி அதையும் கூட்டினோம். கடைப்பொதியின் விலைக்கு மிகக் கிட்டவாக வந்து நின்றது.

"அப்ப ஆர் வாங்குவினம்?" என்றார் எம் சக ஆசிரியர் ஒருவர்.

"அப்ப ஆர் சும்மா வறுக்கிறது?" என்றார் அந்தத் தாய்.

கூலியைக் குறைப்பதா, குறைந்த விலைக்குப் பள்ளிக்கூடமே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து மிகுதியை அரசிடம் கேட்பதா என்று நெடுநேரம் வாதம் நடந்தது. அரசிடம் கேட்பதென்ற பக்கம் நாம் நின்றோம், சிலர் சிரித்தார்கள். நாலரை மணியானதும், இரவுச் சமையலுக்கு நேரமாகிறதென்று தாய்மார் எழுந்து போய்விட்டனர். அடுத்த கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைக்கும்படி கேட்டிருக்கிறார்கள். அன்று சமையலை யார் பார்ப்பது என்பதை முதலில் தீர்த்துவிட்டு வரும்படியும் எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.