சேமித்துவைக்க இயலாத மருந்து

நோயுற்றவன் மருந்துண்ண வேண்டுமா என்பது பலருக்கு ஒரு வினாவாகவே தோன்றாது. காய்ச்சலுக்கு மருந்துண்பதும் புண்ணுக்கு மருந்திடுவதும் ஒழுக்கவியல் ஆராய்ச்சிக்குரிய விடயங்கள் அல்ல. மருந்து நோயை நீக்குமாயின் அதனை ஏற்பதே அறிவுடைமை. ஆயின், நோயை நீக்காது அதன் வெளிப்பாடுகளை மட்டும் தணிக்கின்ற, நாட்செல்லச் செல்ல வேறு துன்பங்களையும் உடன்கொணரக்கூடிய, வாழ்நாள் முழுவதும் உண்ணப்பட வேண்டிய மருந்தொன்றினை ஏற்பதா விடுவதா, ஏற்பதாயின் எப்போது ஏற்பது என்ற வினா மருத்துவத்தின் எல்லையைக் கடந்து மெய்யியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. பார்க்கின்சன் நோய்க்குரிய மருந்து இத்தகையது. அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் விவரித்த இந்நோயை நம்மவர் நடுக்குவாதம் என்பர். கைந்நடுக்கம், தசைவிறைப்பு, இயக்கத் தளர்ச்சி என்பன இதன் முதன்மையான குறிகள். மூளையின் அடிப்புறத்தே கருநிறம் பொருந்திய ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதனால், அவை சுரக்கும் டொபமீன் என்னும் இரசாயனப் பொருள் குன்றிவிடுகின்றது. இக்குறைவினை 1960 இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச் என்பார், நோயாளரின் இறப்பின் பின் அவர்தம் மூளைகளை ஆராய்ந்து நிறுவினார். டொபமீனை நேரே உட்கொள்ளின் அது மூளையைச் சென்றடையாது. அதன் முன்னிலைப் பொருளான லெவோடொபாவோ மூளையுட் புகுந்து டொபமீனாக மாறவல்லது. 1967 இல் கொட்சியாஸ் என்பார் டோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பேரளவில் உண்ணக்கொடுத்து, இயக்கமிழந்த நோயாளர் மீண்டும் இயங்குவதைக் காட்டினார். நமது மூலிகைகளுள் ஒன்றான பூனைக்காலியின் வித்திலும் இதே பொருள் உண்டென்பதை 1937 இலேயே இந்திய ஆய்வாளர் கண்டறிந்திருந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும் லெவோடொபா கலங்களின் அழிவைத் தடுப்பதில்லை. இதனை நம் குளத்து நீர்ப்பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். தொடக்கத்தில் எஞ்சியுள்ள கலங்கள் குளம்போல் நின்று, உட்கொண்ட மருந்தைத் தேக்கிவைத்து, தேவைக்கேற்பப் பாய்ச்சுகின்றன. கலங்கள் குறையக் குறையக் குளம் தூர்ந்துபோகின்றது. பின்னர் நீர் வரும்போது வெள்ளம், நின்றதும் வறட்சி. குளிசை வேலை செய்யும் வேளையில் உடல் தன்வயமின்றி நெளிந்தாடுவதும், அதன் வலு தீர்ந்ததும் உடல் விறைத்து நிற்பதும் இதனாலேயே நிகழ்கின்றன.

இவ்வறிவு பெற்ற நோயாளர் பலர் மருந்தைத் தள்ளிப்போட விழைகின்றனர். அவர்தம் காரணங்களை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, சேமிப்பு நோக்கு. மருந்தின் வலு சில ஆண்டுகளுக்கே உரியது. இன்று உண்டால் நாளைக்கு இராது. ஆதலின் இன்றைய துன்பத்தைப் பொறுத்து அதனை நாளைக்கென வைத்திருப்போம் என்பது இதன் சாரம். இரண்டாவது, ஊழ்நோக்கு. வந்ததை ஏற்று அமைவதே சால்பு என்பது இது. மூன்றாவது, மானநோக்கு. முதற் குளிசையை விழுங்குவது தான் நோயாளி என்பதைத் தானே ஒப்புக்கொள்வதாகும் என்ற உணர்வே இதன் அடி.

இவற்றுள் சேமிப்பு நோக்கே மிக வலிமை வாய்ந்தது. விதைநெல்லை உண்ணாது வைப்பவனை உலகம் போற்றுமன்றோ? ஆயினும் சேமிப்பு அறமாவது, சேமிக்கப்படும் பொருள் கெடாதிருக்கும்போது மட்டுமே. கோடையில் குளம் தானே வற்றிக்கொண்டிருக்க, மதகை அடைத்து வயலைக் காயவிடுபவன் நீரைக் காத்தவனாகான். மருந்தின் நிலை இவ்விரண்டனுள் எதனைப் போன்றது என்பதை உவமையால் முடிவுசெய்ய இயலாது. சான்றுகளே முடிவுசெய்ய வேண்டும்.

2014 இல் வெளிவந்த ஆய்வொன்று ஆபிரிக்க நாடாகிய கானாவின் நோயாளரை இத்தாலிய நோயாளருடன் ஒப்பிட்டது. மருந்து எளிதிற் கிட்டாமையால் கானா நோயாளர், நோய் தோன்றிச் சராசரி 4 ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னரே லெவோடொபாவைத் தொடங்கினர். இத்தாலியர் அதற்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் முற்பட்டே தொடங்கினர். இருப்பினும் நெளிவாட்டமும் மருந்து வலு குன்றலும் இரு சாராரிடத்தும் நோயின் ஏறத்தாழ ஒரே காலக்கட்டத்திலேயே தோன்றின. காத்திருந்தோர் காத்திருந்ததனால் இவற்றை ஒத்திவைத்தாரல்லர். 2019 இல் நெதர்லாந்தில் 445 நோயாளரைக்கொண்டு நிகழ்த்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. ஒரு சாரார் உடனே லெவோடொபாவை உண்டனர். மறுசாரார் 40 வாரங்கள் வெற்றுக்குளிசை உண்டு, அதன் பின்னரே மருந்தைத் தொடங்கினர். 80 வாரங்களின் முடிவில் இரு சாராரின் நோய்நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவின் மெய்யியற் பொருள் கூர்ந்து நோக்கற்பாலது. இன்று மருந்துண்பவன் தன் நாளையைத் தின்றுவிடுகிறான் என்ற அச்சத்தை அது தகர்க்கின்றது. அவ்வாறே, இன்று உண்ணாதவன் தன் நாளையைக் கெடுத்துக்கொள்கிறான் என்ற குற்றச்சாட்டையும் தகர்க்கின்றது. நோயாளி தன் துன்பத்தைச் சேமிப்பென்று பெருமை கொள்ளவும் இடமில்லை; சுற்றத்தார் அவனது காத்திருப்பைத் தற்கேடென்று இடித்துரைக்கவும் இடமில்லை. எதிர்காலம் தராசினின்று இறக்கப்பட்டபின் எஞ்சுவது இன்றைய வாழ்வு ஒன்றே. இன்று எழுத வேண்டிய கை எழுத மறுக்கின்றதா? பேரப்பிள்ளையைத் தூக்க அஞ்சுகின்றதா? சட்டைப் பொத்தானை இடுவதற்குப் பிறர் உதவி வேண்டியுள்ளதா? ஆம் எனின், அத்துன்பத்தை மாற்ற வழியிருக்கப் பொறுத்திருப்பதனால் விளையும் பயன் எதுவுமில்லை. இல்லை எனின், மருந்தின்றி இருப்பதிலும் பிழை யாதுமில்லை.

இதற்கொரு மறுப்புக் கூறலாம். மருந்தின் அளவு மிகுந்தாலும், இளவயதில் நோய் தோன்றினாலும் நெளிவாட்டம் வரும் வாய்ப்பு அதிகமாதலின், எதிர்காலத்தை முற்றாக ஒதுக்கலாமா என வினவலாம். வினா நியாயமானதே. ஆயின் அது மருந்தை மறுப்பதற்கன்று, அளவறிந்து உண்பதற்கே காரணமாகும்.

ஊழ்நோக்கைப் பொறுத்தவரை, ஏற்றமைதல் என்பது மாற்ற இயலாதவற்றுக்கே உரிய பண்பு. நோய் ஊழெனின், மருந்து கண்டறியப்பட்டதும் அது நம் கைக்கெட்டியதும் ஊழின்பாற் படாவோ? மானநோக்கோ மறுத்துரைப்பதற்கன்றிப் பரிவுடன் அணுகுதற்குரியது. குளிசையை மறைப்பதால் நோய் மறைவதில்லை. நடுங்கும் கையே அதனை ஊரறியச் சொல்லிவிடும்.

இதுகாறும் மருந்தைத் தெரிபவன் வேறு, மருந்து வேறு எனக் கொண்டோம். இவ்வேறுபாடு எப்பொழுதும் நிலைப்பதில்லை. டொபமீனைப்போல் செயற்படும் வேறொரு வகை மருந்துகள் சிலரிடத்தே சூதாட்டம், வரம்பற்ற செலவு, மிகுகாமம் ஆகியவற்றில் அடக்கவியலா வேட்கையைத் தூண்டுவதுண்டு. அவ்வேட்கை அவனுக்குத் தன் சொந்த விருப்பமாகவே தோன்றும். தெரிவு செய்யும் மனத்தையே மருந்து தீண்டும்போது, அத்தெரிவு யாருடையது? இவ்விடத்துத் தனிமனித சுதந்திரம் என்ற ஒற்றைக் கோட்பாடு போதாது. தெளிந்த மனநிலையில் உள்ளபோதே தன் துணையிடம், "என்னிடம் இத்தகைய மாற்றத்தைக் கண்டால் என் சொல்லையும் மீறி வைத்தியருக்கு அறிவி" என்று கூறிவைப்பது, சுதந்திரத்தைக் கைவிடுவதன்று. அதனைக் காக்கும் வழியாகும்.

ஆயின் இதனையே காரணமாகக் கொண்டு முழுத்தெரிவையும் சுற்றத்தார் கைக்கொள்ளுதல் தவறு. நம் சமுதாயத்தில் பெற்றாரிடம் நோயின் பெயரை மறைப்பதும், உணவில் மருந்தைக் கலந்து கொடுப்பதும் அன்பின் செயல்களாகக் கருதப்படுவதுண்டு. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்குமிடத்து, வைத்தியனுக்கும் மருந்துக்கும் துணைநிற்போனுக்கும் முன்பாக நோயுற்றவனையே வைத்திருப்பது சிந்திக்கத்தக்கது. அவன் மருத்துவத்தின் பொருள் அல்லன். அதன் முதற் பங்காளி. அவனுக்கும் கடமைகள் உள. தன் தளர்ச்சி பிறருக்கு ஊறு விளைக்குமாயின், வாகனம் ஓட்டுவதைப் போன்றவற்றை அவன் கைவிடல் வேண்டும். மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே அபாயமாகலாம் ஆதலின், நிறுத்த விரும்பினும் வைத்தியர் வழிநின்று படிப்படியாகவே நிறுத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. கானா நோயாளர் மருந்தைத் தள்ளிப்போட்டனர் என்பது தவறான கூற்று. அது அவர்களிடமிருந்து தள்ளிவைக்கப்பட்டிருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நம் நாட்டு நோயாளரையும் வாட்டியமையை நாம் அறிவோம். உண்பதா விடுவதா என ஆராய்வதற்கு, உண்பதற்கு மருந்து இருத்தல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு இடம்பெற்றவன் தன் விடையைத் தானே தெரிக. அவ்விடம் பெறாதார்க்கு அதனைப் பெற்றுக்கொடுத்தல் சமுதாயத்தின் கடனாகும்.