கொடியும் குடியும்



ஆண்டுதோறும் பெப்ரவரி 4ஆந் திகதி சபரகமுவத் தோட்டப் பாடசாலைகளிலே தேசியக்கொடி ஏற்றப்படுவதும், மாணாக்கர் நிரையாய் நின்று கீதம் இசைப்பதும் நீவிர் அறிந்தனவே. சில ஆண்டுகளுக்கு முன் கேகாலைப் பகுதியில் றப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலைக்கு அவ்வைபவத்தின் பொருட்டு நாம் சென்றிருந்தோம். கொடி ஏறி முடிந்தபின், பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி தன் ஆசிரியரை அணுகி, "சேர், இதுல நம்ம நெறம் எது?" என வினாவினாள். அவர் செம்மஞ்சட் பட்டையைக் காட்டினார். "அப்ப ஏன் சிங்கம் வாளோட நம்மளையே பாத்துக்கிட்டு நிக்குது?" என்றாள். "இப்படியெல்லாம் கேக்கக் கூடாது, போய் உக்காரு" என்றார் ஆசிரியர். அருகே நின்ற நாமும் வாய் திறந்தோமல்லோம். அக்குற்றம் எம்மை விட்டு நீங்காமையினாலேயே இதனை எழுதப் புகுந்தோம்.

இப்பொருள் பற்றி நம்மவருள்ளே இரு கட்சியார் உளர். ஒரு சாரார், அக்கொடியின் நான்கு மூலைகளிலும் அரசிலை இருத்தலாற் சைவப் பிள்ளை அதற்கு வணக்கஞ் செய்தல் தகாது என்பர். மற்றைச் சாரார், நாடே முதல், சமயம் பின்னர் எனக்கூறி, ஐயம் எழுப்புவோரைத் தேசத்துரோகிகள் என்பர். இவ்விருவரும் கொடியின் பொருள் அதன் சீலையிலேயே அடங்கிவிட்டது என்று கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதுகின்றிலம்.

பல்லவ அரசரின் செப்பேட்டு முத்திரைகளிலே பொறிக்கப்பட்டிருப்பது இடபம், எம்பெருமானுடைய ஊர்தி. அவ்விலச்சினையைக் குலச்சின்னமாக உடைய மரபிற் பிறந்த ஒருவனே, திருநாவுக்கரசு நாயனாரை நீற்றறையில் இடுவித்தும், நஞ்சூட்டுவித்தும், யானையை ஏவியும், கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளுவித்தும் துன்புறுத்தினான் எனப் பெரியபுராணங் கூறும். முத்திரையில் விடை நின்றது. அரண்மனையிலே நீதி நின்றதில்லை. அன்றியும், நந்திக்கொடியைப் பிளாத்திக்குத் தோரணமாக்கி, திருவிழா முடிந்ததும் வடிகானிலே மிதக்க விடும் நாம், பிறர் கொடியிற் குற்றங் காண்பதற்குச் சிறிது நாணுதல் வேண்டும்.

அரசிலையைக் குறித்தும் ஒன்று கூறுவோம். 1972 இலே அவ்வடிவிற் சேர்க்கப்பட்ட அந்நான்கு இலைகளும் மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு குணங்களைக் குறிப்பன. இந்நான்கும் பதஞ்சலியாரின் யோக சூத்திரத்திலும் உள. கருணை ஒரு சமயத்தாருடைய தனியுடைமையன்று.

இனிச் சிங்கத்தைப் பற்றி ஆராய்வோம். இஃது எவருடைய கொடி? கண்டியின் இறுதி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடைய கொடி. அவன் மதுரைத் தொடர்புடைய நாயக்க குலத்தவன். கண்ணுசாமி என்பது அவனது பிள்ளைப் பெயர். அவனுக்கு மாறாக 1814 இலே எழுந்தவன் எகலப்பொலை. நாம் வாழும் இச்சபரகமுவைக்கே திசாவையாய் இருந்தவன். 1815 இலே அரசன் பிடிபட்டான். வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832 இலே இறந்தான். கொடி இங்கிலாந்துக்குப் போயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பத்து அரசன் ஒருவன் புத்த சமயத்தைப் புரந்து, சிங்கள மக்களை ஆண்டு, ஏந்திய கொடியே இது. இவ்வரலாற்றை, இக்கொடி தமக்கு மாத்திரமே உரியதென்று கூறுவோரும் மறந்தனர். இது நமக்கு முற்றும் அந்நியம் என்று கூறுவோரும் மறந்தனர். 1948 சனவரியிலே அக்கொடியையே நாட்டின் கொடியாக ஏற்க வேண்டுமெனப் பாராளுமன்றத்திற் பிரேரித்தவரும் மட்டக்களப்பு உறுப்பினராகிய சின்னலெப்பை என்னும் முஸ்லிம் பெரியாரே.

அதன்மேற் பிணக்கு எழுந்தது, குழு அமைக்கப்பட்டது. சிங்கத்துக்கு அயலிலே தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரு பட்டைகள் வைக்கப்பட்டன. 1951 இலே பாராளுமன்றம் அவ்வடிவை ஏற்றது. குழுவிலிருந்த திரு. எஸ். நடேசன் அவர்கள் அதற்கு உடன்படாது தமது மாறுபாட்டைத் தனியே எழுதி வைத்தார்கள். பட்டைகள் சிங்கம் நிற்கும் சதுரத்துக்குப் புறத்தே, மஞ்சட் கரையால் வேறாக்கப்பட்டு நிற்பதை எவருங் காணலாம். அச்சிறுமி கண்டதும் அதுவே. அவளுடைய கண்ணிற் பிழையில்லை.

அதனினும் நோவு தருவது மற்றொன்று. அப்பட்டை தைக்கப்பட்ட காலத்திலே அவளுடைய பாட்டன் இந்நாட்டின் குடியாக எண்ணப்பட்டானல்லன். 1947 ஆந் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த சட்டங்களும், கொழுந்து கொய்தும் பால் வெட்டியும் நாட்டுக்குப் பொருளீட்டிய அம்மக்களை நாடற்றோராக்கின. 1964 இலே இரு பிரதமர் ஒப்பமிட்டு, 5,25,000 பேர் அங்கு, 3,00,000 பேர் இங்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்படுவர் எனப் பங்கிட்டனர். சந்தையிலே மாட்டையும் இவ்வாறு ஒருமுறை கேட்டே பங்கிடுவர். 1981 ஆகத்திலே இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, தமிழ்க் குடும்பங்கள் பல தாம் பிறந்த இடத்தை விட்டு ஓடின. எஞ்சியிருந்த நாடற்றோருக்குச் சட்டம் வழி திறந்தது 2003 இலேதான். பட்டைக்கும் குடியுரிமைக்கும் இடையே அரைநூற்றாண்டுக்கு மேலான தூரம் இருந்தது.

நாம் கல்வி கற்றது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்திலே. இலக்கணமும், நேரந் தவறாமையும், புத்தகத்தை மதித்தலும் அங்கு யாம் பெற்றவை, அந்நன்றியை மறவோம். ஆயினும் காலைச் செபத்துக்கு நாமும் எழுந்து நிற்றல் வேண்டும். வாய் அசையும், உள்ளம் அசையாது. நெற்றி நீற்றை வாயிலிலே துடைத்துவிட்டு உட்புகுந்த நாள்களும் உண்டு. பொருள் விளங்காது நிற்குங் குழந்தை பக்தியைக் கற்பதில்லை, நடித்தலைக் கற்கின்றது. தேசபக்திக்கும் இது பொருந்தும். கீதத்தின் தமிழ் வடிவம் அரசியலமைப்பிலேயே உளது. 2016 இலே தேசிய வைபவத்தில் அது தமிழிலும் இசைக்கப்பட்டது. 2020 இலே கைவிடப்பட்டது. தலைநகரில் யாது செய்யினும் நமது பாடசாலையில் அதனைத் தமிழிற் பாடுதற்குத் தயங்க வேண்டுவதில்லை. பாடுமுன் அதன் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லுக.

கொடி என்றால் என்னவென்பதைச் சைவர் பிறரிடங் கேட்டறிய வேண்டியதில்லை. கொடிமரம் பதியையும், கொடிச்சீலை பசுவையும், தர்ப்பைக் கயிறு பாசத்தையும் குறிக்குமென்பர் பெரியோர். தில்லைவாழந்தணருள் ஒருவராகிய உமாபதி சிவாசாரியார், குலம் பாராது மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டு, அவருண்ட கூழின் சேடத்தை ஏற்றமையால், தம்மவராலே விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியிலே ஒதுங்கியிருந்தார். திருவிழா வந்தது. விலக்கியவர் கொடியை ஏற்றினர், ஏறவில்லை. கயிறு இருந்தது, மரம் இருந்தது, மந்திரமும் இருந்தது, ஆயினும் ஏறவில்லை. விலக்கப்பட்டவரை அழைத்து வந்து நிறுத்தி, அவர் நான்கு செய்யுள் பாடிய பின்னரே ஏறிற்று. அவையே கொடிக்கவி, மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்று. ஒளியும் இருளும் ஓரிடத்தே நிற்பதை அது பேசுகின்றது. ஆணவ இருள் உயிரை விட்டுப் பிரியாது நிற்பினும், அருளொளி தோன்றுமிடத்து அதன் வலி குன்றும்.

பூசை முடிவிலே நாம் ஓதும் கந்தபுராண வாழ்த்தை நினைமின்கள். மழை தவறாமையையும், அரசு முறை வழுவாமையையும், உயிர்களெல்லாம் குறையின்றி வாழ்தலையும் அதில் வேண்டுகின்றோம். அரசனைத் தொழுகின்றோமல்லோம், அரசன் முறைசெய்தலை ஆண்டவனிடம் இரக்கின்றோம். சைவன் நாட்டின்மேல் வைக்கும் அன்பு இத்தன்மையது. ஆகலின் கொடி ஏறும்போது நமது பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க. நின்றபின் கேள்வியுங் கேட்க. இரத்தினபுரியிலிருந்து மலையேறுவோர் சிவனொளிபாதம் என்றும், புத்தர் பாதம் என்றும், ஆதம் பாதம் என்றும் ஒரே சுவட்டைச் சொல்லிக்கொண்டு, இருட்டிலே ஒருவர்க்கொருவர் கை கொடுத்தே ஏறுகின்றனர். அவருள் எவரும் மற்றவருடைய வாயை அடைப்பதில்லை.

பின்பு ஒருநாள் அவ்வாசிரியரைக் கண்டு, கண்டி அரசன் வரலாற்றையும், பட்டை வந்த விதத்தையும், பிரஜாவுரிமை பறிபோனதையும் ஒளியாது கூறினோம். அடுத்த ஆண்டு கொடியேற்றத்துக்கு முன் அவர் அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னாராம். அச்சிறுமி அப்பொழுது அங்கில்லை. தகப்பன் வேலை தேடி வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். பையன் ஒருவன் எழுந்து, "அந்த ராசா தமிழ் பேசுவாரா சேர்?" என்று கேட்டானென அவர் எமக்கு எழுதினார். அக்குடும்பத்திலே தெலுங்கும் தமிழும் வழங்கின என்று அன்றைத் தபாலிலேயே விடை எழுதி அனுப்பினோம்.