வீடு யாருக்கு?

சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் ஓவியங்கள்தாம் நினைவுக்கு வரும். புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் குன்று. அறிவர் கோயிலின் மேல்விதானத்தில் தீட்டிய தாமரைத் தடாகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே பலருக்கும் வழக்கம். அதே குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை ஒன்றும் இருக்கிறது. அதனுள்ளே பாறையை வழவழப்பாகச் செதுக்கி அமைத்த 17 படுக்கைகள். ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவு. தலைமாட்டில் கல்லிலேயே ஒரு தலையணை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சமணத் துறவிகள் தங்கிய இடம் அது. படுக்கைகளில் பெரியதொன்றில் பழந்தமிழ் எழுத்தில் ஒரு சாசனம் வெட்டியிருக்கிறார்கள். இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்கு, இன்ன ஊர் இளையர் செய்து கொடுத்த இருப்பிடம் இது என்பது அதன் கருத்து.

துறவறம் நமக்கு மார்க்கமல்ல. மனைவி மக்களோடு வாழ்வதும், அவர்களுக்கு ஒரு கூரை அமைத்துக் கொடுப்பதும் நம்மீது கடமை. எனவே அந்தக் கல் படுக்கை நமக்கு முன்மாதிரி ஆகாது. ஆனாலும் யாருக்காக, யார் கொடுத்தது என்ற இரண்டு செய்திகளையும் அந்தச் சாசனம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. இன்று நாம் இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கட்டும் வீடுகளில் பலவற்றுக்கு இந்த இரண்டையும் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. பெண்ணுக்குக் கொடுத்ததா, மாப்பிள்ளைக்குக் கொடுத்ததா? அன்பினால் கொடுத்ததா, கேட்டதனால் கொடுத்ததா?

நாம் குறிப்பிடுவது கடற்கரை ஊர்களின் வழக்கத்தை என்பது வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். புதுக்கோட்டைச் சீமையின் உள்நாட்டு ஊர்களில் இருப்பவர்களுக்கு இது சற்று விநோதமாகப் படலாம். அங்கே நிக்காஹ் முடிந்ததும் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். வீட்டோடு மாப்பிள்ளை என்பது அவ்வூர்களில் ஒரு கேலிச் சொல். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவதே முறை. அதில் யாருக்கும் இழுக்கு இல்லை. மகள் பிறந்த நாளிலிருந்தே அவளுக்கென்று ஒரு வீட்டை நினைத்துத்தான் தகப்பன் சம்பாதிக்கிறான். கிழக்கிலங்கையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலும் இதே வழக்கம்தான். காயலில் வீடுகளுக்கு இடையே பெண்கள் நடமாடுவதற்கென்று முடுக்குகள் உண்டு. தாய் வீடும் மகள் வீடும் அக்காள் தங்கை வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊரில் அல்லவா இப்படியொரு சந்துக்குத் தேவை ஏற்படும்!

இவ்வூர்களின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள். (அந்த வாணிபத்தின் வரலாற்றை நூலாக எழுதிய ஜெ. ராஜா முகம்மது அவர்கள் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியராக இருந்தவர். மலையிலிருந்து கடற்கரைக்கு நாம் தாவுவதாக யாரும் எண்ண வேண்டாம்.) வருஷத்தில் பாதி நாள் புருஷன் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தால், பெண் தன் தாயின் நிழலில் இருப்பதுதான் பாதுகாப்பு. இன்று பினாங்கின் இடத்தில் துபாய் வந்திருக்கிறது. மற்றது மாறவில்லை.

நம் வணிகர்களின் கப்பல்கள் போய்ச் சேர்ந்த சுமத்ரா தீவிலும் இதே வழக்கம் இருப்பது கவனிக்கத்தக்கது. தீவின் வடகோடியில் ஆச்சே. அங்குள்ள மக்கள் நம் கடற்கரை மக்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்களுடைய பழைய வீடு உயரமான மரத்தூண்களின் மேல் நிற்கும். கிழக்கு மேற்காக நீண்டிருக்கும். முன்னால் ஒரு திண்ணைக்கூடம், பின்னால் ஒரு கூடம், இரண்டுக்கும் நடுவே தளம் சற்று உயர்ந்த ஒரு பகுதி. முன்கூடம் ஆண் விருந்தினருக்கு. பின்கூடம் பெண்களுக்கும் சமையலுக்கும். நடுவில் உயர்ந்திருக்கும் பகுதிக்கு அவர்கள் மொழியில் பெண்ணின் வீடு என்றே பொருள்படும் பெயர். மனைவியைக் குறிக்க அவர்கள் வழங்கும் 'போ ரூமோ' என்ற சொல்லுக்கு வீட்டுக்கு உடையவள் என்று அர்த்தம். பெயரளவில் மட்டுமல்ல, மகளுக்கு மணமானதும் பெற்றோர் அவளுக்கு வீடு கொடுப்பதே அங்கு முறை. ஆணி அடிக்காமல் முளைகளாலும் ஆப்புகளாலும் பூட்டிய வீடு அது. வேண்டுமானால் பிரித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் நிறுத்திவிடலாம். அதனாலேயே அதை நிலத்தோடு சேர்க்காமல் அசையும் பொருளாகவே கணக்கிட்டார்கள்.

ஆச்சேயைவிட நமக்கு அதிகம் யோசிக்கக் கொடுப்பது மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய 'ரூமா காடாங்', அதாவது பெரிய வீடு. எருமைக் கொம்புபோல் இரு முனைகளும் வானை நோக்கி வளைந்த கூரை, முன்னால் நெற்களஞ்சியங்கள். உள்ளே முன்பாதி முழுவதும் ஒரே நீண்ட கூடம். பின்பாதியில் வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையும் அந்தக் குடும்பத்தில் மணமான ஒரு பெண்ணுக்கு. ஆண்பிள்ளைகளுக்கு அறை கிடையாது. விவரம் தெரியும் வயது வந்ததும் சிறுவன் 'சுராவ்' என்னும் தொழுகைக்கூடத்துக்குப் போய்விடுவான். ஓதுவதும் உறங்குவதும் அங்கேதான். மணமான பின் இரவில் மனைவியின் அறைக்கு விருந்தாளிபோல் வருவான். மனைவி இறந்தாலோ மணவிலக்கு ஆனாலோ, வயது அறுபதானாலும் அவனுக்குத் திரும்பவும் சுராவ்தான் கதி. வீடும் வயலும் தாய்வழியில் பெண்களுக்கே இறங்கும். அவற்றை விற்கக் கூடாது. அடகு வைப்பதற்கும் நான்கே காரணங்கள்: வீட்டில் மையித்து கிடக்கும்போது, வயது வந்த பெண் மணமாகாமல் இருக்கும்போது, பெரிய வீடு ஒழுகும்போது, குலத் தலைவனைப் பதவியில் அமர்த்தும்போது.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். ஆணின் வியாபாரக் கடனுக்கு அதில் இடமில்லை!

இது பராயிளு சட்டத்துக்கு ஒத்துவருமா என்ற கேள்வி அங்கே எழாமல் இல்லை. 1803-ஆம் ஆண்டு ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய மூவர் தொடங்கிய சீர்திருத்தம் நாளடைவில் பெரும் போராக மூண்டது. டச்சுக்காரர்கள் தலையிட்டு, 1837-இல் போஞ்சோல் வீழ்ந்தபோதுதான் அது அடங்கியது. பின்னர் அதே மண்ணில் பிறந்து, மக்கா ஹரம் ஷரீபில் ஷாஃபிஈ இமாமாக இருந்த ஷைகு அஹ்மத் கதீப் (1860-1916) அவர்கள் இந்தத் தாய்வழிச் சொத்துரிமையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்கள். அன்னவர்களின் மாணவரான ஹாஜி ரசூல், எழுத்தாளர் ஹம்காவின் தந்தையார், வேறு வழியில் யோசித்தார். யாருக்கும் தனிச் சொந்தமாகாமலும் விற்க முடியாமலும் இருக்கிற முன்னோர் சொத்து வக்ஃபைப் போன்றது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்யவில்லையா என்றார். கடைசியில் 1952-இல் புக்கித்திங்கி நகரில் உலமாக்களும் குலத் தலைவர்களும் கற்றவர்களும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முன்னோர் வழியில் வந்த சொத்து பழைய வழக்கப்படி இருக்கட்டும்; ஒருவன் தானே சம்பாதித்தது பராயிளுப்படி அவன் வாரிசுகளுக்குப் பிரியட்டும் என்பதே அது. எல்லா உலமாக்களும் மனம் நிறைந்து ஏற்றார்கள் என்று சொல்வதற்கில்லை.

நம் கடற்கரை வழக்கம் இதைப் போன்றதா என்றால், இல்லை. நம்மிடம் வீடு வாரிசுரிமையாக இறங்குவதில்லை. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு அன்பளிப்பாக, ஹிபாவாக, கொடுக்கிறான். ஆகவே மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே குறுக்கிடாது. குறுக்கிடுவது வேறொன்று. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தையார் தம் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புச் செய்து, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் அன்னவர்கள் மறுத்துவிட்ட ஹதீஸ் நாம் அறிந்ததே. பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் சமம் பேணுவது சுன்னத் என்றும், தக்க தேவையின்றி ஏற்றத்தாழ்வு செய்வது மக்ரூஹ் என்றும் ஷாஃபிஈ இமாம்கள் கூறுவார்கள்.

தேவை என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. ஊர் முழுவதும் ஆண்கள் மனைவியின் வீட்டில் வாழ்கிற இடத்தில், மகனுக்குக் கூரை வேறு வழியில் கிடைத்துவிடுகிறது. மகளுக்குத்தான் தேவை. சகோதரர்களும் மனமொப்பிச் சரி என்றால் குறை காண வழியில்லை என்பது நம் கருத்து. ஆனால் மகன் வெளியூரில் பெண் எடுத்து, அங்கே அப்படியொரு வழக்கம் இல்லாமல் போனால் என்ன செய்வது? அவனை அனாதரவாக விட்டுவிட்டு, ஊர் வழக்கம் என்று சொல்லி முழுச் சொத்தையும் மகள்களின் பெயரில் எழுதுவது நுஃமான் (ரலி) அவர்களின் ஹதீஸில் நேராகப் போய் மோதும்.

எந்த முறையை வைத்தாலும், குடும்பம் முறியும்போது யாரோ ஒருவர் தெருவில் நிற்க நேரிடுகிறது. சுமத்ராவில் அது ஆண். நம் உள்நாட்டு ஊர்களில் அது பெண், கையில் குழந்தையோடு. இத்தாக் காலத்தில் பெண்களை வெளியேற்றலாகாது என்று தடுக்கும் திருமறையின் 'அத்தலாக்' அத்தியாயம், அந்த வீடுகளை 'அவர்களுடைய வீடுகள்' என்றே குறிப்பிடுவதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? ஹிஜ்ரி 23-இல் குத்துண்டு மரணப் படுக்கையில் கிடந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களின் அருகில் அடங்குவதற்கு யாரிடம் அனுமதி கேட்டார்கள்? ஆயிஷா (ரலி) அவர்களிடம். அனுமதி கிடைத்த பின்னும் அன்னவர்கள் நிம்மதி அடையவில்லை. நான் இறந்த பிறகு என் ஜனாஸாவை வாசலில் வைத்து இன்னொரு முறை கேளுங்கள், மறுத்தால் பொது மையவாடிக்குக் கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு முழு உடைமையா, குடியிருக்கும் உரிமை மட்டுமா என்று உலமாக்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். எதுவாயினும், ஆட்சித் தலைவரே கதவுக்கு வெளியே நின்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார்.

ஸுபைர் (ரலி) அவர்களின் ஏற்பாடு இன்னும் நெருங்கியது. அன்னவர்கள் தம் வீடுகளை வக்ஃபு செய்தபோது, தம் பெண்மக்களில் மணவிலக்காகித் திரும்பி வருகிறவர், பிறருக்கும் தொல்லையின்றித் தமக்கும் தொல்லையின்றி அங்கே குடியிருக்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள். மறுமணம் ஆகித் தேவை தீர்ந்துவிட்டால் அந்த உரிமையும் தீர்ந்தது. புகாரி ஷரீபில் வக்ஃபு பற்றிய பாடத்தில் வருகிற செய்தி இது. கலியாணத்துக்காக வைத்த வீடன்று. கலியாணம் முறிந்தால் வந்து தங்குவதற்காக வைத்த வீடு.

கடற்கரை வழக்கத்தின் உயிர் இதுதான் என்று நாம் நினைக்கிறோம். அது கெடுகிற இடமும் தெரிந்ததுதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து எத்தனை அறை, மாடி உண்டா, எந்தத் தெரு என்று விசாரிக்கத் தொடங்கியதும் அது கைக்கூலியாகிவிடுகிறது. செங்கல் அதே செங்கல்தான். மனைவிக்கு இருப்பிடம் கொடுப்பது கணவன் மீதுள்ள கடமை. மனைவி தன் வீட்டில் அவனை இருக்கச் செய்தால் அது அவளுடைய பெருந்தன்மை. அதைக் கேட்டு வாங்குவதும், பற்றாது என்பதும் எந்தக் கிதாபில் இருக்கிறது? மூன்று பெண்களைப் பெற்றவர் முப்பது வருஷம் வளைகுடாவில் கிடந்து உழைக்கிறார். மூன்றாவது வீட்டுக்கு நிலைப்படி வைக்கும்போது அவருக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வந்துவிடுகின்றன. அவர் மனைவியோடு சேர்ந்து வாழ்ந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அண்ணன் தம்பிகளுக்கு, தங்கைக்கு வீடு முடியாததால் கலியாண வயது தாண்டிப் போகிறது.

வீடு சிறியதாக இருந்தால் இந்தத் துன்பத்தில் பாதி இல்லை. நாயகம் (ஸல்) அவர்களின் மனைவியர் வாழ்ந்த அறைகளின் கூரையைத் தம் கையால் தொட முடிந்தது என்று ஹஸன் பஸரி (ரஹ்) அவர்கள் தம் இளமைக் கால நினைவைச் சொல்லியிருக்கிறார்கள். பிற்பாடு வலீத் கலீஃபாவின் காலத்தில் பள்ளியை விரிவாக்க அவற்றை இடித்தபோது மதீனத்து மக்கள் அழுதார்கள். வருகிறவர்கள் அந்த அறைகளின் அளவைக் கண்டு தெரிந்துகொள்ளட்டும் என்று, அவற்றை அப்படியே விட்டிருக்கலாமே என ஏங்கியவர்களும் உண்டு.

பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி ஆச்சேயை அழித்தபின், உதவிப் பணத்தில் வீடுகள் எழுந்தன. பட்டா யார் பெயரில் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. குடும்பத் தலைவன் ஆண் என்று எழுதிப் பழகிய அதிகாரிகளால், காலங்காலமாகப் பெண்ணுடையதாக இருந்த வீடு ஆணின் பெயருக்குப் போய்விடும் நிலை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா கொடுக்கலாம் என்று 2006-இல் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நம் ஊர்களிலும் பெண்ணுக்குக் கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, பத்திரத்தை மட்டும் தகப்பன் பெயரிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. மாப்பிள்ளை பெயருக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. ஹிபா நிறைவேறக் கொடுக்கிறவர் சொல்ல வேண்டும், பெறுகிறவர் ஏற்க வேண்டும், பொருள் அவர் கைவசம் வர வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் தகப்பன் மௌத்தானதும் அந்த வீடு வாரிசுகளின் பொதுச் சொத்துத்தான். ஆகவே மகளின் பெயரிலேயே எழுதிப் பதிவு செய்து, சாவியையும் வரி ரசீதையும் அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள். சகோதரர்களையே சாட்சிகளாகக் கையொப்பமிடச் செய்யுங்கள். பின்னாளில் கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் பலவற்றில், எங்களைக் கேட்கவே இல்லை என்று சகோதரர்கள் சொன்ன இடத்திலிருந்துதான் தகராறு தொடங்கியிருக்கிறது.