கூச்சம் தெளியும் இடம்

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது அடக்கமா, துணிவா? அடக்கம் என்றே பலரும் சொல்வார்கள். எனக்கோ அது துணிவு என்று தோன்றுகிறது.

1921-ஆம் ஆண்டில் ரஷ்யாவிலிருந்து கபிட்ஸா என்ற இளைஞர் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்துக்கு வந்தார். அணுவை ஆராய்ந்த ரதர்ஃபோர்டிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஒரு விந்தையைக் கண்டார். கூட்டங்களில் மாணவர்கள் வாய் திறப்பதில்லை. கேள்வி கேட்டால் தம் அறியாமை வெளிப்பட்டுவிடுமே என்ற கூச்சம்! மறு ஆண்டே அவர் ஒரு சிறு கழகம் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை மாலையில் கூடுவார்கள். பேசுகிறவரை யாரும் இடைமறிக்கலாம். மற்றவர்களின் கூச்சம் தெளியட்டும் என்று கபிட்ஸாவே வேண்டுமென்று அசட்டுக் கேள்விகள் கேட்பாராம். 1925-இல் ஹைஸன்பர்க் அங்கே பேசினார். 1932-இல் நியூட்ரானைக் கண்டறிந்த சாட்விக், அதை நண்பர்களுக்கு விரித்துரைத்ததும் அங்கேதான்.

பெரியோரை இடைமறிப்பது மரியாதைக் குறைவு அல்லவா என்று கேட்கலாம். புரியாமலே தலையாட்டுவதுதான் மரியாதையா? அது மரியாதையின் வேடம் பூண்ட பொய். சொன்னவர் தவறியிருந்தால், திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

அணுவைப் பற்றிக் கேட்பது எளிது, மிஞ்சினால் சிரிப்பார்கள். கேள்விக்கு விலை கொடுக்க வேண்டிய இடத்தில் என்ன செய்வது? 1934-இல் தாய்நாடு சென்ற கபிட்ஸாவை அந்த அரசு திரும்பிவர விடவில்லை. 1938-இல், மாஸ்கோவில் அவரோடு பணியாற்றிய லந்தாவ் கைதானார். நண்பனுக்காகப் பேசினால் தனக்கும் ஆபத்து என்று எல்லோரும் அஞ்சிய காலம் அது. கபிட்ஸா ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். ஓராண்டு கழித்து, அவரே பொறுப்பேற்ற பிறகு, லந்தாவ் விடுதலை பெற்றார்.

இந்தத் துணிவைக் கழகம் அவருக்குத் தந்தது என்று சொல்ல மாட்டேன். துணிவு அவரிடம் இருந்தது. அதனால்தான் கழகமே பிறந்தது. ஆனால் நம் போன்றவர்களுக்குத் துணிவு பழக்கத்தால் வர வேண்டியது. சிரிப்புக்கு மட்டுமே அஞ்ச வேண்டிய சிறு அறையில் வாய் திறக்கப் பழகாதவன், சிறைக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் எப்படித் திறப்பான்?

மாணவர் கழகங்கள் எத்தனை விஞ்ஞானிகளைத் தந்தன என்றுதான் நாம் கணக்குப் பார்க்கிறோம். எத்தனை பேருக்குக் கூச்சம் தெளிந்தது என்றும் பார்க்க வேண்டும். விஞ்ஞானிகள் ஆகாமல் போன மாணவர்களே அதிகம். அவர்களுக்கும் வாழ்க்கையில் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு அல்லவா?